நிழல்: எஸ்தர் ராஜமணி

கரிசல்பேட்டை ஒளிப்பட அன்பர் கழகத்தின் வெள்ளிவிழா மலருக்காகக் கழக வரலாற்றை எழுத உட்கார்ந்தார் கோமதிநாயகம் என்று தொடங்கினால் முதல் வாக்கியத்திலேயே பொய் புகுந்துவிடும். அவர் உட்காரவில்லை. உட்கார அவரால் முடியாது, பல வருஷமாக முடியவில்லை. தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் மேசைக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்துகொண்டும், வீட்டில் அடுப்படிக்கும் வாசலுக்கும் இடையே நடந்துகொண்டும், அட்டையில் காகிதத்தைச் செருகி மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற தோரணையில் அவர் அந்த வரலாற்றை எழுதினார். அதனால்தானோ என்னவோ அதில் எந்த நிகழ்ச்சியும் போட்ட இடத்தில் கிடக்காமல், ஒரு பத்தியில் தொடங்கியது நாலு பத்தி தள்ளிப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

கழகத்தைத் தொடங்கியவர் ஹோமியோபதி டாக்டர் தர்மக்கண். கொழும்பில் கடை வைத்திருந்த அவர் மாமனார் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த சாமான்களில், மைத்துனர்கள் ஒருவரும் வேண்டாத ஒன்றாக, முக்காலியில் நிற்கிற பழைய பெட்டிக் கேமரா ஒன்று இருந்தது. அது மருமகன் பங்குக்கு வந்தது. சொட்டு மருந்தைப் போலவே வெளிச்சத்தையும் மெதுவாகச் சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொள்ளும் கேமரா அது. அதன் முன்னால் நிற்பவர்கள் மூச்சைக்கூட யோசித்துத்தான் விட வேண்டும். ஆகவே டாக்டர் "அசையாதிங்க" என்று சொல்லி மூடியைத் திறப்பார். எல்லாம் முடிந்து மூடியைப் போட்டபின் "விட்டாச்சு" என்பார். அந்தச் சொல் காதில் விழுகிறவரை ஈ மொய்த்தாலும் கை ஓங்கக் கூடாது, பேசக் கூடாது, இமைக்கலாம், அதுவும் மரியாதையாக. பிற்பாடு கண்ணிமைக்கும் நேரத்தில் படம் பிடிக்கிற கேமராக்கள் வந்துவிட்டன. ஆனாலும் அசையாதிங்க என்பதும் விட்டாச்சு என்பதும் போகவில்லை. தேவை தீர்ந்த பிறகுதானே ஒரு வழக்கத்துக்குப் பிடிமானமே கூடுகிறது.

கழகத்தின் பெயரைப் பற்றியே இரண்டு வருஷம் சண்டை நடந்தது. புகைப்படம் என்பதில் புகை எங்கே இருக்கிறது என்று கேட்டார் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் புலவர் இளங்குமரன். நிழற்படம் என்றால் நிழலை மட்டுமா எடுக்கிறோம் என்று கேட்டார் அரிசி மண்டி சுடலைமுத்து. ஒளிப்படம் என்று முடிவானதும் புகைப்படக் கட்சியினர் கோபித்துக்கொண்டு வெளியே போய்த் தனிக் கழகம் தொடங்கினார்கள். அது தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்காக ஒருமுறை கூடியது, அதோடு சரி.

எஞ்சியவர்கள் விதிகள் வகுத்துக்கொண்டார்கள். வகுத்துக் கொடுத்தவர் செயலாளர் கோமதிநாயகம். விதி என்றால் அவருக்கு வெல்லம். ஆண்டுக் குழுப்படத்தைக் கழகத்தில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் எடுக்க வேண்டும் என்பது ஒன்று. எடுப்பவர் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், அவருடைய நிழல் உட்கார்ந்திருப்பவர்களின் காலடிவரை நீண்டு படத்துக்குள் விழ வேண்டும் என்பது மற்றொன்று. படத்தில் இல்லாதவருக்குச் செய்கிற மரியாதையாம். வேறெந்தக் கழகத்திலும் பிழை என்று கழித்துவிடுகிற ஒன்று இங்கே சட்டமாக இருந்தது. இதனால் கழகத்தின் எல்லாக் குழுப்படங்களிலும் சாயங்கால வெயில் முகத்தில் அடிக்க, புளியைக் கடித்தவர்கள் மாதிரிதான் அங்கத்தினர்கள் காணப்படுவார்கள். படத்துக்குக் கீழே கோமதிநாயகம் முத்து முத்தான கையெழுத்தில் மூன்று வரி எழுதுவார்: அமர்ந்திருப்போர் இன்னார், நிற்போர் இன்னார், நிழல் இன்னார். அமர்ந்திருப்போர் டாக்டரும் சுடலைமுத்துவும் புலவரும் கோமதிநாயகமும். நிற்போர் வேறு சிலர். அவர்கள் எப்போதுமே பின்வரிசையில் நிற்பவர்கள், இந்தக் கதையிலும் அப்படியே நிற்பார்கள்.

எஸ்தர் ராஜமணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஊரில் போன் வைத்திருந்த அத்தனை பேரின் குரலையும் அவளுக்குத் தெரியும், முகம்தான் தெரியாது. முகங்களைப் பார்த்துவிடலாம் என்றுதான் கழகத்தில் சேர்ந்ததாக ஒருமுறை சொன்னாள். கழகத்தின் முதல் பெண் அங்கத்தினர். அந்த வருஷம் அவள்தான் கடைசியாகச் சேர்ந்தவள், அவளே படம் எடுத்தாள். அடுத்த வருஷம் காட்டிலாகா ரேஞ்சர் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார்; "எனக்குக் கை நடுங்குதும்மா, இந்த ஒரு தடவை நீங்களே எடுத்திருங்க" என்றார். அதற்கடுத்துச் சேர்ந்த பேங்க்காரர், "எஸ்தரம்மா எடுத்தாத்தான் நான் கறுப்பாத் தெரியமாட்டேன்" என்றார். அப்புறம் யாரும் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். வருஷம் தவறாமல் கழகக் கட்டடத்தின் பின்முற்றத்தில் நாற்காலிகள் போடப்பட்டன, வருஷம் தவறாமல் அவளுடைய நிழல் முக்காலியின் நிழலோடு சேர்ந்து அவர்களின் செருப்பு நுனியில் வந்து படுத்தது, வருஷம் தவறாமல் கோமதிநாயகம் எழுதினார்: நிழல், எஸ்தர் ராஜமணி.

ஒரு வருஷம், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் முக்காலியை நட்டாள், அசையாதிங்க என்றாள், பொத்தானை அழுத்தினாள். பிறகு விட்டாச்சு என்று சொல்லாமல் கேமராவுக்குப் பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"இந்த வருஷம் நானும் உக்காரணும்னு வந்திருக்கேன்," என்றாள். "யாராவது ஒருத்தர் எந்திரிச்சு இங்க வாங்க. பொத்தானை அமுக்கினாப் போதும், மத்ததெல்லாம் நான் வச்சுத் தந்துட்டேன். யார் வாரீங்க?"

ஒருவரும் அசையவில்லை. விட்டாச்சு என்று அவள் இன்னும் சொல்லவில்லையே. விதி விதிதானே. கோமதிநாயகத்தின் வலது தொடை மட்டும் எழுந்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு நினைத்தது. செயலாளர் என்ற முறையில் அவர் அதை அடக்கினார். எஸ்தர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகமும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, படத்துக்கான புன்னகையோடு இருந்தது. "சரி, அப்படியே இருங்க," என்று சொல்லிவிட்டு முக்காலியை மடக்கினாள், கேமராவைத் தோளில் மாட்டினாள், பக்கக் கதவைத் திறந்துகொண்டு போனாள். நிழல் மடங்கவில்லை. அது போட்டது போட்டபடி தரையில் கிடந்தது.

அவர்கள் அப்படியே இருந்தார்கள். வெகுநேரம் இருந்தார்கள். தெருவில் விளக்குப் போட்டபின் புருஷனைத் தேடிக்கொண்டு வந்த கோமதிநாயகத்தின் மனைவி உலகம்மாள் கதவருகே நின்று, "இது என்ன கூத்து, கொலு வச்ச மாதிரி?" என்று கேட்டு, பதில் வராமல், உள்ளே வந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் எழுந்தார், அவரைப் பார்த்து மற்றவர்கள் எழுந்தார்கள், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தார்கள். தெருவில் இருட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் பின்முற்றத்தில் நாலரை மணி வெயில் அப்படியே மஞ்சளாகச் சாய்ந்து சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. சுடலைமுத்து கண்ணுக்கு மேல் கை வைத்து அதை அளந்து பார்த்தார். "வெயில் நல்லாத்தான் இருக்கு வே," என்றார். "நாளைக்கு மண்டியில ஈரம் அடிச்ச மூட்டை ரெண்டு கிடக்கு, கொண்டாந்து கொட்டிப் பாக்கணும்."

இப்படித்தான் கரிசல்பேட்டைக்கு ஒரு சாயங்காலம் நிலையாகக் கிடைத்தது.

முதலில் மிளகாய் வந்தது, பிறகு வடகம், பிறகு தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் மழைக்காலத்தில் நனைந்த குச்சிகளைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து பரப்பினார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தோடு வந்தன. சுவரோரம் நின்ற அந்திமந்தாரைச் செடிகள் நாலு மணிக்குப் பூக்கிற சாதியானதால் பூத்ததை மூடச் சந்தர்ப்பமே இல்லாமல் விடாமல் பூத்தன, பெண்கள் பறித்து மாளவில்லை. பஜ்ஜிக்கடை இசக்கி தன் வண்டியைக் கழக வாசலுக்கு மாற்றினான், ஏனென்றால் அங்கே எப்போதும் பஜ்ஜி நேரம். காலையில் பல் விளக்கிவிட்டு அந்தப் பக்கம் போகிறவனுக்குக்கூட வாழைக்காய் பஜ்ஜி தின்றால் என்ன என்று தோன்றிவிடும். பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள் மட்டும் சந்துக்குள் திருப்பிவிடப்பட்டார்கள், பின்முற்றத்தைப் பார்த்ததும் பள்ளி விட்டாச்சு என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவதால். நகராட்சி அந்தத் தெருவின் விளக்குக் கம்பத்தைப் பிடுங்கி வேறு தெருவுக்குக் கொடுத்துவிட்டது. மதுரையிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்து சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துப் போனார்கள். அச்சானபோது அது வெறும் சாயங்கால வெயிலின் படமாக இருந்தது. சாயங்கால வெயில் எல்லா ஊரிலும்தான் அடிக்கிறது, இதில் என்ன செய்தி என்று வெளியூர்க்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். ஊருக்கும் அது நிம்மதியாகப் போயிற்று.

நிழலை யாரும் மிதிப்பதில்லை. மிளகாய் பரப்புகிறவர்கள் அதைச் சுற்றி ஒதுக்கிப் பரப்பினார்கள், யாரோ ஒருத்தி ஓரம் கட்டிக் கோலமும் போட்டாள். எஸ்தருக்கு இரண்டு காலும் முக்காலிக்கு மூன்று காலுமாகச் சேர்ந்து அந்த நிழலுக்கு ஐந்து கால் இருந்ததால், சந்தைக்கு வருகிற வெளிக்கிராமத்துச் சனங்கள் அதை அஞ்சுகாலம்மன் என்று அழைத்து, போகிற போக்கில் ஒரு கட்டி கற்பூரம் கொளுத்திவிட்டுப் போனார்கள். அம்மனுடைய பூர்வாசிரமப் பெயர் எஸ்தர் ராஜமணி என்று புலவர் இளங்குமரன் விளக்கப் பார்த்தார். ஒருவரும் நின்று கேட்கவில்லை, அவரும் நின்று சொல்லவில்லை.

ஏனென்றால் அவரால் நிற்க முடியவில்லை. அங்கேதான் சங்கடம். அன்றைக்குப் படத்தில் இருந்த யாராலும் அதற்குப்பின் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. அவர்கள் தங்களிடம் இருந்த அசையாமையை எல்லாம் எடுத்து அந்த நாற்காலிகளில் வைத்திருந்தார்கள், திருப்பிக் கொடுக்கிற சொல் சொல்லப்படாமலே எழுந்து வந்துவிட்டார்கள். வெயில் அங்கே நின்றது, இவர்களுக்கு நிலை போய்விட்டது. டாக்டர் தர்மக்கண் அறையைச் சுற்றி வந்துகொண்டே நோய் கேட்டார், நோயாளிகள் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிக்கும் சேர்த்து மருந்து வாங்கினார்கள். புலவர் பெஞ்சுகளுக்கிடையே ஓயாமல் நடந்து பாடம் நடத்தியதில் கடைசி பெஞ்சும் தேறிவிட்டது. சுடலைமுத்து மகன் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது மூன்று தரம் எழுந்து பந்தலைச் சுற்றி வந்தார், சம்பந்தி வீட்டார் அதை ஒரு சடங்கு என்று எண்ணித் தாங்களும் சுற்றினார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். படம் எடுக்க முடியவில்லையே, அதுதான் பெரிய இடி. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனால் கை ஆடியது, முக்காலி போட்டால் கால் இடித்தது. கோயில் கோபுரம் புகை மாதிரியும் எருமை மேகம் மாதிரியும் வந்தன. ஒரு வருஷம் அவற்றையே கண்காட்சி வைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த கலை விமர்சகர் ஒருவர் "என்ன துணிச்சல்" என்றார். அதைவிடப் பெரிய அவமானம் கழகத்துக்கு நேர்ந்ததில்லை.

வெயிலுக்குள் போய்ப் பார்க்காமல் இருப்பார்களா? போனார்கள். உள்ளே கால் வைத்ததும் பழைய இடத்தில் பழைய கோணத்தில் உடம்பு கட்டையாகிப் புன்னகையோடு விறைத்துவிடும். மிளகாய்க்காரப் பெண்கள் பார்த்து இழுத்து வெளியே விட வேண்டும். அது ஓய்வு இல்லை, அசையாதிருத்தல். இரண்டும் வேறு என்பது ஒரு தடவையாவது குழுப்படத்துக்கு நின்ற எவருக்கும் தெரியும்.

கோமதிநாயகத்தின் வீட்டில் இதன் கணக்கெல்லாம் உலகம்மாள் தலையில் விழுந்தது. அவர் சாப்பிட உட்காரமாட்டார். அவள் தட்டை ஏந்திக்கொண்டு பின்னாலேயே நடந்து, கைப்பிள்ளைக்கு நிலாக் காட்டி ஊட்டுகிற மாதிரி ஊட்டுவாள். தூக்கம் என்றால் சுவரில் சாய்ந்து ஒரு கண் மூடல், பிறகு மறுபடி நடை. "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல ஒரு நாள் உங்க பக்கத்துல உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சேனா?" என்று அவள் கேட்டாள். "நீங்க நடக்கிற தரையைத் தேச்சுத் தேச்சு எனக்கு முட்டி தேஞ்சுபோச்சு. வெள்ளிவிழாவாம், வரலாறாம். அந்த எஸ்தரம்மாவைப் போய்ப் பார்த்துக் கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன், அங்கே எல்லாரும் உக்காந்துதான் இருக்காங்க, எப்பப் பார்த்தாலும்."

அவள் வெறுமனே சொல்லவில்லை. பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்திருந்தாள்.

தூத்துக்குடி வரை பஸ்ஸில் கோமதிநாயகம் நின்றுகொண்டே போனார். நின்றார் என்பதும் தப்பு. முன்கதவுக்கும் பின்கதவுக்குமாக நடந்தார். சீட்டு காலியாக இருக்கு, உக்காருங்க என்று கண்டக்டர் கெஞ்சிப் பார்த்தார், பிறகு மிரட்டினார், கடைசியில் டிக்கெட் கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தாம் உட்கார்ந்துகொண்டார்.

எஸ்தர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய் அங்கே எக்ஸ்சேஞ்சில் மேற்பார்வையாளராகியிருந்தாள். தலை நரைத்திருந்தது. வீட்டு வாசலில் விரித்த குடையோடு வந்து கதவைத் திறந்தாள்.

"மழையே இல்லையே, குடை எதுக்கு?" என்று கேட்டார், முற்றத்தில் வட்டமடித்துக்கொண்டே.

"குடைக்குக் கீழே எல்லாருக்கும் நிழல் ஒண்ணுதான், சார். எனக்குத் தனியா இல்லைங்கிறதை எவனும் பார்க்கமாட்டான். வீடு வாடகைக்குக் குடுக்கிறவன் முதல்ல அதைத்தான் பார்க்கான்." கொஞ்சநேரம் அவருடைய நடையைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்கு இப்படியா? நான் நினைச்சேன், எனக்கு மட்டுந்தான்னு."

அவர் ஊர்க்கதையைச் சொன்னார். அஞ்சுகாலம்மன் வந்தபோது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எனக்குக் கற்பூரமா? எங்க பாஸ்டர் காதுல விழுந்தா ஞாயித்துக்கிழமை என்னை வெளியே நிறுத்திருவார், சார்."

"வெள்ளிவிழாவுக்கு ஒரு குழுப்படம் வேணும். நீங்க வரணும்."

"எடுக்கவா, உக்காரவா?"

கோமதிநாயகம் நடையை நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. "உக்கார," என்றார்.

"எடுக்கிறது யாரு?"

அவர் முற்றத்தை இன்னொரு வட்டம் சுற்றினார். அவள் குடையை மறுதோளுக்கு மாற்றினாள். "நான் வாரேன். அதே கேமராவோட வாரேன். அங்கே வந்து, அன்னைக்குக் கேட்டதைத்தான் கேப்பேன், புதுசா ஒண்ணும் கேக்கமாட்டேன். ஒருத்தரும் எந்திரிக்கலைன்னா அடுத்த பஸ்ல திரும்பிருவேன். அப்புறம் அந்த வெயில் உங்க பேரப்பிள்ளைக காலத்திலயும் அடிக்கும்."

செய்தி அவருக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. திரும்பியபோது கழக வாசலில் கூட்டம். சாயங்காலத்தைக் கொண்டுபோய்விடப் போகிறார்கள் என்று மிளகாய்க்காரர்கள் சத்தம் போட்டார்கள், அம்மனை எழுப்பக் கூடாது என்று கற்பூரக் கட்சி சொன்னது, இசக்கி ஜல்லிக் கரண்டியோடு வந்து, "வே செயலாளர், நீரு உக்காரணும்னு ஊர் எந்திரிக்கணுமா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். கழகத்துக்குள்ளேயும் ஒற்றுமை இல்லை. இத்தனை வருஷம் நெல் காயப் போட்ட சுடலைமுத்து, "நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றாரே" என்றார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, அவர் ஜன்னல் பக்கம் போயிருந்தார். கோமதிநாயகம் எல்லோரையும் சுற்றி நடந்து, வாய்க்குள்ளேயே விதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். கேமராவுக்குப் பின்னால் போய் நிற்கிறவன் விட்டாச்சு என்று கேட்பதற்கு முன்பே எழ வேண்டும். அதற்கு இடம் கொடுக்கிற விதி ஒன்றுகூட இல்லை. இருந்தால் அவருக்குத் தெரியாதா, எழுதியவரே அவர்தானே.

எஸ்தர் ஒரு புதன்கிழமை முற்பகலில் வந்தாள். அதே மாம்பழ நிறப் பட்டு, மடிப்புகளில் வெளுத்திருந்தது. தெருவில் பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளந்தது, பின்முற்றத்தில் நாலரை மணி. ஊர் முழுக்கச் சுவரில் ஏறி நின்றது. மிளகாயைக் கூட்டி ஒதுக்கினார்கள். அங்கத்தினர்கள் அங்குமிங்கும் அலைந்தபடி வந்து, ஒவ்வொருவராக வெயிலுக்குள் கால் வைத்து, ஒவ்வொருவராகத் தத்தம் இடத்தில் விறைத்தார்கள். கோமதிநாயகம் கடைசியாகப் போனார். உட்கார்ந்ததும் முகத்தில் பழைய புன்னகை தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

எஸ்தர் குடையை மடக்கினாள். தன் நிழலின் ஐந்து கால்களும் தொடங்குகிற இடத்தில் முக்காலியை நட்டாள், கோலத்தை அழிக்காமல். பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"நானும் உக்காரணும்னு வந்திருக்கேன்," என்றாள். "யாராவது ஒருத்தர் எந்திரிச்சு இங்க வாங்க."

சுவரில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்தார்கள். டாக்டர் அசையவில்லை, சுடலைமுத்து அசையவில்லை, புலவர் இமைத்தார், மரியாதையாக. கோமதிநாயகத்தின் வலது தொடை, பல வருஷம் முன்பு பாதியில் விட்ட நினைப்பை மறுபடி நினைத்தது. அவர் அதை அடக்கவில்லை. அடக்காமல் இருந்தது மட்டும் போதவில்லை. நாற்காலி அவரைப் பிடித்திருந்தது, விதிகள் பிடித்திருந்தன, அந்தப் புன்னகை கன்னத்தில் ஆணி அடித்த மாதிரி பிடித்திருந்தது. முதலில் செய்ய முடிந்தது புன்னகையை விடுவதுதான். முகம் அழுகிற முகமாக ஆயிற்று. பிறகு இடுப்பு வந்தது, பிறகு கால், சேற்றில் இருந்து மாட்டைக் கிளப்புகிற மாதிரி தன்னைத் தானே கிளப்பிக்கொண்டு அவர் எழுந்தார். விட்டாச்சு என்று யாரும் சொல்லாமலே எழுந்தார். சுவரில் யாரோ "ஐயையோ" என்றார்கள்.

எஸ்தர் அவருக்கு எதிரே நடந்து வந்து, அவரைத் தாண்டிப் போய், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டாள்.

கோமதிநாயகம் கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றார். நின்றார் என்று இப்போது எழுதலாம். அவள் கால் இருந்த இடத்தில் அவர் கால் நின்றது, ஆடவில்லை, கையும் ஆடவில்லை. "அசையாதிங்க," என்றார். பொத்தானை அழுத்தினார். இனிச் சொல்ல வேண்டியது ஒரே சொல்.

அவர் சொல்லவில்லை.

எல்லோரும் அவர் முன்னால் அசையாமல் இருந்தார்கள். எஸ்தரும் விறைத்துவிட்டாள். பின்வரிசை, சுவரில் ஊர், ஜல்லிக் கரண்டியோடு இசக்கி, எல்லாம் அவருடைய ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்லாவிட்டால் சாயங்காலம் ஊருக்கு மிஞ்சும், மிளகாய் காயும், அம்மனுக்குக் கற்பூரம் நடக்கும், ஒருவரும் அவரைக் குறை சொல்லமாட்டார்கள். அவருக்கும் இந்த இடத்தில் நின்றால் கால் நிற்கிறது. இங்கேயே நின்றுகொள்ளலாம். கேமராவுக்குப் பின்னால் நிற்பது இவ்வளவு சுகமா, இது தெரியாமல் இத்தனை வருஷம் நாற்காலிக்குச் சண்டை போட்டோமே என்று அவருக்குத் தோன்றியது. அப்போதுதான் எஸ்தரின் முகத்தைப் பார்த்தார். அவளும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, புளியைக் கடித்த முகத்தோடு, படத்துக்கான புன்னகையோடு இருந்தாள்.

"ஏங்க," என்று சுவரிலிருந்து உலகம்மாளின் குரல் வந்தது. "வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"விட்டாச்சு," என்றார் கோமதிநாயகம்.

எஸ்தர் எழுந்தாள். எழுந்து நின்று, மற்றவர்கள் பக்கம் திரும்பி, டெலிபோனில் வெகுதூரத்து ஊருக்கு இணைப்புக் கொடுக்கிற குரலில், நிதானமாக, அன்றைக்குச் சொல்லாமல் போனதைச் சொன்னாள்: "விட்டாச்சு."

வெயில் போயிற்று. இருட்டும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பதினொரு மணி வெயில், வெள்ளையாக, யாருக்கும் எந்த அந்தரங்கமும் இல்லாத சாதாரணப் புதன்கிழமை வெயில், தலைக்கு மேலிருந்து தொப்பென்று விழுந்தது. அந்திமந்தாரைகள் ஒன்றாகச் சுருங்கின. இசக்கியின் சட்டியில் எண்ணெய் காய்ந்திருந்தது, பஜ்ஜி வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நீண்டு கிடந்த நிழல் சுருட்டிய பாய் மாதிரி தரையில் ஓடி எஸ்தரின் பாதத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் குனிந்து பார்த்தாள். "குட்டையாப் போச்சே," என்றாள்.

"மதியம் வரைக்கும் அப்படித்தான் இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு டாக்டர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். அவர் தோளில் சுடலைமுத்து, அவர் தோளில் புலவர். பின்வரிசைக்காரர்கள் நின்ற இடத்திலேயே சரிந்து மிளகாய்க் குவியலில் படுத்தார்கள், தும்மிக்கொண்டே தூங்கினார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்சகாலம் ஊருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை மெனக்கெட்டு வந்து சுவரை எட்டிப் பார்ப்பார்கள், ஒன்றும் இல்லை என்று தெரிந்து போவார்கள், தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி பார்ப்பார்கள். கோமதிநாயகத்தைத் திட்டாதவர் இல்லை. நகராட்சி விளக்குக் கம்பத்தைத் திருப்பித் தரவில்லை.

வெள்ளிவிழா மலரில் அந்தப் படம் முழுப் பக்கம் வந்தது. புகையில்லை, நடுக்கமில்லை, ஒவ்வொரு தலைமயிரும் எண்ணலாம். அமர்ந்திருப்போர் வரிசையில் எஸ்தர் ராஜமணி. அவள் காலடியில் இரண்டு நிழல்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, ஒன்று அப்போது கேமராவுக்குப் பின்னால் நின்றவருடையது, மற்றது அவள் விட்டுப்போன நாள்முதல் அங்கேயே கிடந்தது. கீழே கடைசி வரி: நிழல், கோமதிநாயகம், எஸ்தர் ராஜமணி.

புலவர் மலரைத் தூக்கிக்கொண்டு கோமதிநாயகத்தின் வீட்டுக்கு வந்தார். ஒருவரே அமர்ந்திருப்பவராகவும் நிழலாகவும் இருப்பது எந்த விதிப்படி, எழுதியவர் நீர்தானே, அடுத்த பதிப்புக்கு முன் திருத்தியாக வேண்டும், அந்த மூலப் பிரதி அலமாரியில்தானே இருக்கிறது, எடும் என்றார்.

கோமதிநாயகம் காப்பித் தம்ளரோடு மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள், அவளுடைய தம்ளரில் பாதிக் காப்பி மீதி இருந்தது.

"திருத்தலாம் புலவரே," என்றார். "ஆனா அதுக்கு நான் எந்திரிக்கணும்."